வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

கப்பலில் போகிறவர்கள் கப்பலைப் பற்றிப் பேசுவார்கள், கடலைப் பற்றிப் பேசுவார்கள் என்றுதான் விசாலம் நினைத்திருந்தாள். அவள் தம்பி சந்திரமௌலியின் குடும்பத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கப்பல் ஏறுவதற்கு முந்தின ராத்திரி எங்கே படுப்பது, எங்கே சாப்பிடுவது, இதுதான் அவர்களுக்குத் தலைபோகிற பிரச்சினையாக இருந்தது. அதற்கென்றே வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்து, அதில் விசாலத்தையும் சேர்த்திருந்தார்கள். கப்பலில் அவளுக்கு இடமில்லை, குழுவில் மட்டும் உண்டு. ஆசீர்வாதம் பண்ணுவதற்குப் பெரியவள் ஒருத்தி கிடக்கட்டும் என்று மௌலி நினைத்திருக்க வேண்டும்.

விசாலத்தின் வீடு புனேயில், போபோடியில், மாவு மில்லுக்கும் ஸ்கூட்டர் பட்டறைக்கும் நடுவே போகிற சந்தில் இருந்தது. இரண்டே அறை. புருஷன் கட்கி ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு அதே ஃபாக்டரி ஆபீசில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். ரிட்டயராகும்வரை அங்கேயே குப்பை கொட்டினாள். அவள் வாய்க்குப் பயந்து இரண்டு அதிகாரிகள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஒருவர்தான் ஓடினார்.

மௌலிக்கு அறுபது வயது முடிகிறது. ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி கோயிலில் தாலி கட்டி, நாலு பேருக்குச் சாப்பாடு போட்டால் என்ன என்று கேட்டதற்கு, அதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம் என்று அவன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். மும்பையில் ஏறி, லட்சத்தீவை எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப மும்பையிலேயே இறங்குகிற கப்பலுக்கு மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்தார்கள். ஏறின இடத்திலேயே இறங்குவதற்கு ராட்டினம் போதாதா என்று விசாலத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் பொறாமை என்பார்கள் என்று விழுங்கிக்கொண்டாள்.

பெண்டாட்டியின் பெயர் மங்கையர்க்கரசி. பாளையங்கோட்டையில் பிறந்தவள். புனேயின் மறுகோடியில், மகர்பட்டாவில் பதினோராவது மாடிக்குக் குடிபோனதும் அந்தப் பெயரின் நீளம் அவளுக்கே கூச்சமாகப் போய்விட்டது. இப்போது அங்கே எல்லோருக்கும் அவள் 'மங்ஸ்'. குழுவில் தினமும் மும்பை ஓட்டல்களின் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள்தான். ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது, ஆனால் குளிக்கிற தொட்டி இல்லை. இன்னொன்றில் தொட்டி இருக்கிறது, கடல் இல்லை. நாலு நாள் கப்பலில் கடலைத்தான் பார்க்கப் போகிறார்கள், முந்தின ராத்திரியும் எதற்குக் கடல்? மூன்றாவது ஓட்டலில் ஆம்லெட் ஆறிப்போய் வந்தது என்று எவனோ எழுதி வைத்திருந்தான் என்பதற்காக அதையும் கழித்துவிட்டாள். அந்த வீட்டில் முட்டை வாங்கியதே கிடையாது. விசாலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்தாள். தொலைக்காட்சித் தொடருக்கு இது எவ்வளவோ தேவலை.

மும்பை ஓட்டல்களை ஒழித்துக்கட்டியது மகன் ஷ்ரேயஸ். வியாழக்கிழமை சாயங்காலம்வரை ஆபீசை விட்டு நகர முடியாது என்று எழுதினான். இருட்டினபிறகு மலைப்பாதையில் கார் ஓட்டக் கூடாது என்று மௌலி எழுதினான். ஆக, வெள்ளிக்கிழமை விடிந்ததும் புனேயிலிருந்தே கிளம்புவது என்று முடிவானது. அத்துடன் பேச்சு ஓய்ந்தது என்று விசாலம் நினைத்தாள். அடுத்த வாரம் திங்கட்கிழமை மத்தியானம் மௌலி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மேக்க சூலம் நிக்கிக்கா."

"நிக்கட்டும். அதுக்கு என்ன இப்போ?"

"பம்பாய் மேக்கதான இருக்கு? சூலத்துக்கு எதுத்தாப்ல போகக்கூடாதுன்னு ஜோசியர் ஒரே பிடியா நிக்காரு. அதும் கடல் பிரயாணம். வியாழக்கிழமையே வீட்டை விட்டு எறங்கி, வேற வீட்டுல தங்கிட்டு, அங்கேருந்து போகணுமாம். பரஸ்தானம்."

விசாலத்துக்குச் சிரிப்பு வந்தது. இந்த மௌலிதான் ஒரு காலத்தில் அவள் நல்ல நேரம் பார்த்தால் கையிலிருக்கிற பஞ்சாங்கத்தைப் பிடுங்கி விசிறிக்கொள்வான். ரிட்டயரானதும் அவனுக்குத் திடீரென்று பக்தி பிறந்துவிட்டது. அதுவும் முறையாகப் பிறக்கவில்லை, போனில் பிறந்தது. சென்னையில் ஒரு ஜோசியர், வீடியோவில் முகம் காட்டுகிறவர், அவர் சொல்வதுதான் இப்போது வேதம்.

"ஓட்டல்ல தங்கிக்கிட வேண்டியதான? புனேயில இல்லாத ஓட்டலா?" என்றாள்.

"ஓட்டல் கணக்குல வராதாம். கண்ட ஆளும் படுக்குத எடம்லா. வெளக்கேத்துத வீடா, நம்ம ஆளுக வீடா இருக்கணுமாம். அதான், ஒன் வீட்டுக்கு வாரோம். மூணு பேரும். ராத்திரி சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒன் வீட்டுலதான். காலைல அப்டியே பம்பாய் ரோட்டைப் பிடிச்சிரலாம்."

மகர்பட்டாவில் அவர்களுக்கு எத்தனையோ சிநேகிதர்கள். ஆளுக்கொரு விருந்தாளி அறை வைத்திருப்பவர்கள். ஆனால் சூலத்துக்குப் பயந்து வந்திருக்கிறோம் என்று அவர்களிடம் போய்ச் சொன்னால் 'மங்ஸ்' மானம் என்ன ஆவது? அக்காவிடம் சொல்ல மானம் தேவையில்லை. இது விசாலத்துக்குப் போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிட்டது.

புரிந்த இன்னொன்றும் உண்டு. அவள் நின்ற இடத்துக்கு நேரே சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. திருநெல்வேலி அல்வாக் கடை ஒன்றின் காலண்டர், வருஷா வருஷம் சொல்லி வைத்து வரவழைப்பது. பேசிக்கொண்டே வெள்ளிக்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். 'சூலம்: மேற்கு. பரிகாரம்: வெல்லம்' என்று தெளிவாக அச்சடித்திருந்தது. வீட்டை விட்டு இறங்கும்போது ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. அவர்கள் அம்மை காலத்திலிருந்து எல்லோரும் செய்ததுதான். அந்தப் பெரிய ஜோசியருக்கு இது தெரியவில்லை, இந்தப் பெரிய மனிதனுக்கு மறந்துவிட்டது.

அவள் தாளைக் கீழே விட்டாள். "வாங்க. என்ன வேணும், என்ன செய்யட்டும்?" என்றாள்.

"சொதி வை, அக்கா," என்றான் மௌலி. குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

விசாலம் சந்தோஷப்பட்டாள். அதை அவள் தனக்குள்ளேயே மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம். முதன்முதலாக வேலை கிடைத்து புனேக்கு வந்தபோது மௌலி இந்த இரண்டு அறை வீட்டில்தான் இருந்தான், கல்யாணம் ஆகிறவரை. கூடத்தில் கிடக்கிற இரும்புக் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு அவள் புருஷன் தரையில் படுத்தார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிற மனிதன், தரையில். மங்கையர்க்கரசி வந்து தனிக்குடித்தனம் போனபிறகு மௌலி இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. போபோடித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். காரை விட இடமில்லை என்றார்கள். அவள் புருஷனின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள்கூட பாட்டில் தண்ணீரோடு வந்து, இலை போடுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்குத் திருப்பிச் சுருட்டின மூன்று இலைகளை விசாலம் இன்னும் மறக்கவில்லை. இப்போது அவனே வருகிறான், கேட்டுச் சாப்பிடப் போகிறான். சூலத்துக்கு அவள் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

வியாழக்கிழமை காலையிலேயே கட்கி பஜாருக்குப் போய்த் தேங்காய், முருங்கைக்காய், பீன்ஸ், இஞ்சி எல்லாம் வாங்கினாள். கட்டிலுக்குப் புது விரிப்பு, வெள்ளையில் நீலப் பூ போட்டது. பக்கத்து வீட்டு வைஷாலி வந்து தேங்காய் துருவிக் கொடுத்தாள். சொதிக்கு மூன்று தடவை பால் எடுக்க வேண்டும், முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், ஊற்றினபிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும் என்று விசாலம் மராத்தியில் அவளுக்கு வகுப்பெடுத்தாள். யார் வருகிறார்கள் தாயீ, இவ்வளவு தடபுடல் என்று வைஷாலி கேட்டாள். மராத்தியில் தாயீ என்றால் அக்கா. என் தம்பி என்று விசாலம் சொன்னது, மாவு மில் சத்தத்தையும் தாண்டிச் சந்து முழுக்கக் கேட்டது.

இஞ்சிப் பச்சடி ஆயிற்று. உருளைக்கிழங்கு வறுத்தாயிற்று. கேனில் தண்ணீர் வாங்கி, அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். அதை வைக்கும்போது அவளுக்கே தன் மேல் கொஞ்சம் எரிச்சல் வந்தது. இருந்தாலும் வைத்தாள்.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு கார் சந்து முனையில் வந்து நின்றது. மௌலி இறங்கினான், ஷ்ரேயஸ் இறங்கினான். மங்கையர்க்கரசி இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் பிள்ளையுமாகப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றும் ஒரே மாதிரி, பளபளவென்று, ஆளுக்கொன்று. தரையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் மௌலி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டில் மேல், புது விரிப்பின் மேல் படுக்க வைத்தான்.

"மங்கையை எறங்கச் சொல்லுடே. சூடா இருக்கும்போதே சாப்பிட்டுரலாம்," என்றாள் விசாலம்.

மௌலி காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "இல்லக்கா. ஜோசியர்ட்ட மங்கை திருப்பிக் கேட்டா. ஆளு தங்கணும்னு கட்டாயம் இல்லையாம். சாமானை மட்டும் வச்சாலே பரஸ்தானந்தானாம். ஒனக்கு எதுக்குச் சிரமம்? நாங்க இங்கன கோரேகாவ் பார்க் பக்கம் ஒரு ஓட்டல்ல தங்கிக்கிடுதோம். விடிஞ்சதும் வந்து பெட்டியை எடுத்துக்கிடுதோம்."

"எனக்குச் சிரமம்னு நான் சொன்னேனா?"

"அதுக்கில்லக்கா..."

ஷ்ரேயஸ் நல்ல பையன். அவனுக்குத் தமிழும் அரைகுறை, பொய்யும் அரைகுறை. அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். "அத்தை, ஹோட்டல்... வந்து... அம்மா போன வாரமே புக் பண்ணிட்டா. கேன்சல் பண்ணா ரீஃபண்ட் இல்ல."

போன வாரம். மௌலி போன் பண்ணிச் சொதி கேட்டது இந்த வாரம் திங்கட்கிழமை.

விசாலம் தம்பியைப் பார்த்தாள். அவன் இன்னும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, ஒரு வாயாவது சாப்பிட்டுட்டுப் போ. சொதி வச்சிருக்கேன்," என்றாள். கெஞ்சுகிற குரல் அது. அந்தக் குரல் தன்னிடம் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"ரூம் வாடகையோட டின்னரும் சேந்துருக்குக்கா. சாப்பிடாட்டி வீணாப் போயிரும்," என்றான் மௌலி.

சந்து முனைவரை அவர்களோடு போனாள், எதற்கென்று தெரியாமலே. மங்கையர்க்கரசி கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கினாள். "மதினி, பெட்டியெல்லாம் புதுசு. தரையில எறக்கிராதிய, ஈரம் ஏறிரும். பக்கத்துல ஒரு வெளக்கு எரியணுமாம். அப்புறம் நீங்க எங்கயும் போயிரக்கூடாது, என்ன? வீட்டுல ஆளு இருக்கணும்." கண்ணாடி ஏறிக்கொண்டது, கார் நகர்ந்தது.

விசாலம் திரும்பி வந்து கூடத்தில் நின்றாள். நீலப் பூ விரிப்பில் மூன்று பெட்டிகளும் அப்பா, அம்மா, பிள்ளை மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. ஆக, அவள் வீட்டுக்கு விருந்தாளி வந்தாயிற்று. விளக்கேற்றி வைக்க வேண்டும், கட்டிலில் படுக்க வைக்க வேண்டும், ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டும். வாய் மட்டும்தான் இல்லை. இருந்திருந்தால் இவையும் போபோடித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருக்கும். சூலத்துக்குப் பயப்படத் தெரிகிறது, ஜோசியனுக்குப் பயப்படத் தெரிகிறது, கட்டின பணம் வீணாகிவிடும் என்று பயப்படத் தெரிகிறது. கூடப் பிறந்தவளுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அவள் எங்கே போய்விடப் போகிறாள்?

வைஷாலியைக் கூப்பிட்டுச் சொதிப் பானையைத் தூக்கிக் கொடுத்தாள். வைஷாலி எதையும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டுப் பிள்ளைகள் சோற்றில் ஊற்றிச் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. விசாலத்துக்குப் பசி இல்லை.

அவர்கள் அதோடு விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள். பெட்டிக்குப் பக்கத்தில் விளக்கை வைத்துவிட்டு, திட்டிக்கொண்டே தரையில் பாயை விரித்துப் படுத்திருப்பாள். இத்தனை வருஷம் விட்டவள்தானே. ஆனால் போன் கிணுகிணுத்தது. குழுவில் மங்கையர்க்கரசி படம் போட்டிருந்தாள். வெள்ளைத் துணி விரித்த மேஜை, மெழுகுவர்த்தி, மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு. 'விடுமுறை ஆரம்பம்!' அடுத்த படத்தில் ஒரு கிண்ணம், அதில் காய் மிதக்கிற வெள்ளைக் குழம்பு. கேரளா ஸ்டூவாம். அதன் கீழே மௌலி எழுதியிருந்தான்: 'சூப்பர். அப்படியே நம்ம சொதி மாதிரியே இருக்கு.'

விசாலம் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகமது இஸ்மாயிலுக்குப் போன் போட்டாள்.

இஸ்மாயில் மேலப்பாளையத்துக்காரர். சந்துக்குப் பின்னால் இருக்கிறார், சொந்தமாகச் சின்ன டெம்போ ஓட்டுகிறார். ஊர்ப் பேச்சு பேசுவதற்காகவே விசாலத்தின் சாமான்களுக்கு வாடகையைக் குறைத்துக்கொள்கிறவர். வந்து பெட்டிகளைப் பார்த்தார்.

"எங்கன எறக்கணும்க்கா?"

"மகர்பட்டா. என் தம்பி வீட்டு வாசல்ல."

"வீட்டுல ஆளு இருக்காங்களா?"

"இல்ல. அவங்க ஓட்டல்ல சொதி சாப்பிடுதாங்க. நீரு கேட்ல தம்பி வீட்டு நம்பரைச் சொல்லும், சாமான் வந்துருக்குன்னு சொல்லும். உள்ள விட்டா வாசல்ல வச்சிட்டு வாரும். விடாட்டித் திரும்பக் கொண்டாந்துரும்."

பெட்டிகள் டெம்போவில் ஏறினபோது அவளுக்கு ஒரு பயமும் வரவில்லை. பரஸ்தானத்துக்குப் போன பெட்டி பயணத்துக்கு முன்னால் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிவிட்டால் எல்லாம் கெட்டது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினாள். இஸ்மாயில் வெறும் வண்டியோடு திரும்பி வந்து வாசலிலிருந்தே சொன்னார்: "வாட்ச்மேன் போன்ல ஏதோ அமுக்கினான், ஒடனே உள்ள விடுன்னு பதில் வந்துட்டு. ஒரு கேள்வி கேக்கல." விசாலம் கட்டிலில் ஏறி, நீலப் பூ விரிப்பில் கைகால் நீட்டிப் படுத்து நன்றாகத் தூங்கினாள்.

விடிந்து அவள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மௌலி வந்தான். இடுப்புப் பை, வெள்ளைத் தொப்பி, பனைமரம் போட்ட சட்டை. இன்னும் ஏறாத கப்பலுக்கு இங்கிருந்தே வேஷம் கட்டியாயிற்று. கட்டிலைப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"பெட்டி எங்கக்கா?"

"அது வீட்டுக்குப் போயிட்டு."

"எந்த வீட்டுக்கு?"

"அதுக்கு எத்தனை வீடு இருக்கு? மகர்பட்டாவுக்குத்தான். ராத்திரியே போயிட்டு."

அதற்குள் ஷ்ரேயஸும், அவனுக்குப் பின்னால் மங்கையர்க்கரசியும் வந்துவிட்டார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அந்த வாசல்படி மிதித்தாள். விஷயம் தெரிந்ததும் 'மங்ஸ்' எங்கோ பறந்துபோய்ப் பாளையங்கோட்டை வெளியே வந்தது.

"என்ன மதினி இது, அநியாயமா இருக்கு! கொழுப்பா ஒங்களுக்கு? நாங்க கப்பல்ல போறது பொறுக்கலயா?"

"எனக்கு எதுக்குப் பொறாமை? என் வீடு ஆளு தங்குத வீடு. பெட்டி தங்கணும்னா டேசன்ல அதுக்குன்னே ரூம் இருக்கு, அங்க போய் வைங்க," என்றாள் விசாலம். காப்பியை இன்னொரு வாய் குடித்தாள்.

"கேட்ல எப்டி விட்டான்? எவன் விட்டான்?" என்று மங்கையர்க்கரசி கத்தினாள்.

ஷ்ரேயஸ் போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்தது. "நான்தாம்மா. டெஸர்ட் சாப்பிடும்போது வந்துச்சு... அப்ரூவ் பண்ணிட்டேன். ஏதோ டெலிவரின்னு நெனச்சேன்."

மங்கையர்க்கரசி மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று காருக்குப் போனாள். நேரம் இருக்கிறது, மகர்பட்டாவுக்குப் போய் எடுத்துக்கொண்டு கிளம்பலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது என்று ஷ்ரேயஸ் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினான்.

மௌலி மட்டும் நகரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "பெட்டி திரும்ப வீட்டுக்குப் போயிட்டுன்னா எல்லாம் போச்சு. இனி வெள்ளிக்கிழமை வீட்டுலேருந்து எறங்கணும். மேக்க. சூலத்துக்கு நேரா. கடலுக்குள்ள போறோம்க்கா, புள்ளையைக் கூட்டிக்கிட்டு..."

அவன் உண்மையாகவே பயந்திருந்தான். விசாலம் அவனை அப்படியே கொஞ்சநேரம் இருக்க விட்டாள். பாவமாக இருந்தது. இந்தப் பயத்தில் ஒரு பங்காவது நேற்று சாயங்காலம் இதே இடத்தில் அவள் முகத்தைப் பார்த்து வந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

எழுந்து போய் வியாழக்கிழமைத் தாளைக் கிழித்தாள். "நேத்து முழுக்க இதையே பாத்துக்கிட்டு நின்னியே. வந்து படி. தமிழ் மறந்துட்டா?"

மௌலி கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான். "சூலம் மேற்கு. பரிகாரம்... வெல்லம்." திரும்பினான். "வெல்லமா?"

"வெல்லந்தான். வீட்டை விட்டு எறங்கும்போது ஒரு துண்டை வாயில போட்டா சூலம் ஒண்ணும் செய்யாது. அம்மை நம்மளை ஊருக்கு அனுப்பும்போது வாயில திணிப்பாளே, எதுக்குன்னு நெனச்சே?"

"ஒனக்கு இது எப்பவே தெரியுமா?"

"நீ போன் பண்ணும்போதே தெரியும். தாளைத் தூக்கிப் பாத்துக்கிட்டுத்தான் பேசினேன்."

"சொல்லிருக்கலாம்லாக்கா? ஒரு வார்த்தை சொல்லிருந்தா இந்தப் பாடெல்லாம்..."

"சொல்லிருந்தா நீ இங்க வருவியா?"

சந்து முனையில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. விசாலம் அடுக்களைக்குப் போய் டின்னைத் திறந்தாள். உருண்டை வெல்லத்தைத் தட்டி, மூன்று துண்டைத் தாளில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். ஆளுக்கு ஒன்று, மகர்பட்டா வீட்டுப் படியிறங்கும்போது வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் கொடுத்தாள். அதைச் சொல்வதற்குள் மௌலி ஒரு துண்டை எடுத்து அவசர அவசரமாக வாயில் போட்டு மென்றான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான். கல்யாணமாகிப் போனபிறகு அந்த வீட்டில் அவன் வாய்க்குள் போன முதல் பண்டம் அதுதான்.

விசாலம் அவன் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விழுங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"ஒன் வீட்டுலேருந்து எறங்கும்போது திங்கணும்டே," என்றாள். "இங்க தின்னது கணக்குல வராது."

டின்னிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துத் தாளில் வைத்து மடித்து, அவன் சட்டைப்பையில் போட்டாள். "போ. ஹாரன் அடிக்கா பாரு."